புறம்பே தள்ளும்

முதலில் அது குழந்தையின் மூச்சு என்றுதான் தெக்லா நினைத்தாள். கர்ர்ர் என்று, நனைந்த துணியை யாரோ அவசரமில்லாமல் நூல் நூலாகக் கிழிப்பதுபோல ஒரு சத்தம். நிற்கும், கொஞ்சம் பொறுத்து மறுபடியும். தொட்டிலில் குனிந்து காதை வைத்துப் பார்த்தாள். பாப்பாவின் மூச்சு அதன்பாட்டுக்குச் சின்னதாகப் போய்வந்துகொண்டிருந்தது, பால் வாடையோடு. அப்படியென்றால் சத்தம் வெளியே. வெளியே என்று தெரிந்ததும் மனசுக்குள் ஒரு நிம்மதி வந்ததே, அதுதான் அவளைத் தூக்கிவாரிப் போட்டது. வெளியே இருப்பது திருடன் என்றால் கூப்பாடு போடலாம், நாய் என்றால் கம்பெடுத்து விரட்டலாம், பேய் என்றால் சிலுவை போட்டுக்கொள்ளலாம், இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபின் அது பழக்கமில்லை என்றாலும் கை மறக்கவில்லை. உள்ளே இருப்பதை என்ன செய்வது? கதவு வெறுமனே சாத்தித்தான் கிடந்தது. மறதி இல்லை, வேண்டுமென்றே விட்டதுதான். தன் கை ஏதாவது செய்யப்போய் பாப்பா வீறிட்டால், அடுத்த வீட்டு லீலாக்கா ஒரே தள்ளில் உள்ளே வந்து பிள்ளையைப் பறித்துக்கொள்ள வேண்டும். யாரிடமிருந்து? தன்னிடமிருந்து. பெற்றவளிடமிருந்து. அந்த வார்த்தைக்கு வந்ததும் நினைப்பு எப்போதும்போல முள்ளில் மாட்டிய சேலையாய் நின்றது. இழுத்தால் கிழியும், விட்டாலும் போகாது.

உள்ளே இருக்கிற அது முதல்முதலாக வந்தது ஒரு பகல் நேரத்தில், வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது. பாப்பா பக்கத்தில் பாயில் கிடந்து காலை உதறிக்கொண்டிருந்தாள். அரிவாள்மனையின் வாய் வெளிச்சத்தில் மின்னியது. அவ்வளவுதான், ஒரு படம், கண் மூடித் திறக்கிற நேரம்கூட இல்லை, அந்த வாயும் அந்தக் காலும். தெக்லா வெண்டைக்காயை அப்படியே போட்டுவிட்டு எழுந்து சுவரோடு ஒட்டி நின்றாள். தான் அப்படி நினைக்கவில்லை, ஆனால் நினைத்தது வேறு யார்? வீட்டில் வேறு யாருமில்லையே. சாயந்திரமே அரிவாள்மனையை லீலாக்கா வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள், மழுங்கிவிட்டது அக்கா, சாணை பிடிக்கிறவன் வந்தால் கொடுத்து வையுங்கள் என்று. அது போனால் தீர்ந்துவிடும் என்று நினைத்தாள். மறுநாள் கத்தரிக்கோல் வந்தது, பிறகு தலையணை, பிறகு பின்னாலிருக்கிற பொதுக்கிணறு. இன்றைக்கு மத்தியானம், மணப்பாட்டுக்கு பஸ் ஏறப்போகும் முன் அம்மா செய்த காரியம் எல்லாவற்றுக்கும் மேலே. “ஏட்டி, மாப்பிள்ளையும் ஊழியத்துக்குப் போயிருக்காவ, நீ ஒத்தையில கெடக்கப்போற. பிள்ளைக்குத் தலைமாட்டுல இரும்பு இருக்கணும், காத்து கருப்பு அண்டாது” என்று சொல்லி, தன் இடுப்புப் பையிலிருந்த பாக்குவெட்டியைத் தொட்டில் துணிக்கு அடியில் செருகிவிட்டுப் போனாள். அண்டாமல் காக்கத்தான் வைத்தாள் பாவம். எதை அண்டவிடக் கூடாது என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்? பஸ் புகை அடங்குவதற்குள் தெக்லா அதை இரண்டு விரலால் எடுத்து ஜன்னல் வழியே குரோட்டன்ஸ் செடிக்குள் வீசினாள். வீசிய விரல்களைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். கழுவும்போது, நல்ல தாய் இப்படிக் கழுவுவாளா என்று ஒரு குரல் கேட்டது. குரலும் தன்னுடையதுதான்.

யாரிடமாவது சொல்லலாம் என்றால், சொல்லிப் பார்த்தாயிற்று. புருஷன் சற்குணத்திடம்தான் சொன்னாள். இறையியல் கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கிற அவனுக்கு, கல்யாணமான மாணவர்களுக்கென்று கட்டிய இந்த வரிசை வீடுகளில் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். வீடு முழுக்கக் கிரேக்கம். கல்யாணப் பத்திரிகைகள் இரண்டு கட்டு மிஞ்சிப்போனதை நான்காக வெட்டி, வெற்றுப் பக்கத்தில் கிரேக்கச் சொல், அச்சடித்த பக்கத்தில் அச்சின் மேலேயே சிவப்பு மையில் பொருள் என்று எழுதி, அரிசிப் பானைக்கு மேலே, கண்ணாடி ஓரத்தில், கொசுவலைக் கயிற்றில் என்று எங்கும் செருகிவைத்திருந்தான். அவள் அட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும், அவன் பொருள் சொல்ல வேண்டும். காட்டிக் காட்டி அவளுக்கே பாடமாகிவிட்டது. திருநிறைச் செல்வி தெக்லா மேரி என்பதில் ‘செல்வி தெக்’ வரைக்கும் உள்ள துண்டின் மேல் ‘அச்சம்’ என்று சிவப்பில் எழுதியிருக்கும். ஒருநாள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, தட்டை எடுக்காமலே, “எனக்குப் பயமா இருக்குங்க” என்றாள். எத்தனை நாள் ஒத்திகை பார்த்துச் சொன்ன சொல். அவன் முகம் விளக்குப்போட்டமாதிரி மலர்ந்தது. “எந்தப் பயம்? போபோஸா, தெயிலியாவா? ரெண்டும் வேற பிள்ள. தெயிலியான்னா கோழைத்தனம். போபோஸ் அப்படியில்ல, நீ கேளு, ரொம்பப் பழைய பாட்டுகள்ல போபோஸ்னா மனசுல வர்ற பயமே கிடையாது, போர்க்களத்துல முதுகு காட்டி ஓடுறது! ஓட்டம்! அப்புறமாத்தான் ஓட வைக்கிற அந்த உணர்ச்சிக்குப் பேராச்சு” என்று எச்சில் கையோடு எழுந்துபோய் அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்தான். கெட்டவன் இல்லை. பிள்ளையின் துணியை முகம் சுளிக்காமல் அலசுகிறவன். தன்னிடம் இருப்பதிலேயே நல்லதைத்தான் அவளுக்கு எடுத்துக் கொடுத்தான். அவள் தட்டைக் கழுவப் போனாள். தண்ணீர்ச் சத்தத்தில், “கேக்குதா, ரொம்ப சுவாரசியம்” என்று அவன் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டேயிருந்தான்.

கர்ர்ர். இந்த முறை இரண்டு மூன்று சேர்ந்து. மேலேயிருந்தா, வாசலிலிருந்தா தெரியவில்லை. அவள் படித்த கான்வென்ட் விடுதியில் என்றால் இப்படிச் சத்தம் கேட்டதும் நாற்பது கட்டிலிலும் போர்வை அசையும், யாராவது ஒருத்தி கிசுகிசுவென்று அருள்நிறை மரியே ஆரம்பிப்பாள், சிஸ்டர் கொலெத் டார்ச்சோடு வந்து, “வாயில் ஜெபம், மனசில் கும்மாளமா? படு” என்பார்கள். சிஸ்டர் கொலெத்துக்குச் செயல் பெரிதில்லை, எண்ணம்தான் பெரிது. வெள்ளிக்கிழமை வகுப்பில் வெள்ளை ஜிப்பாப் பொத்தான்போல் வட்டமாகக் கரும்பலகையில் ஒரு ஆத்துமா வரைந்து, சுண்ணக்கட்டியால் அதில் புள்ளிகள் வைப்பார்கள். சிந்தனையால் ஒரு புள்ளி, சொல்லால் ஒரு புள்ளி, செயலால் ஒரு புள்ளி. “நினைத்தாயா? அப்படியென்றால் பாதி செய்துவிட்டாய்.” பாதி. அரிவாள்மனையில் பாதி, கிணற்றில் பாதி, தலையணையில் பாதி. கூட்டினால் என்ன ஆகும்? அங்கேயாவது சனிக்கிழமை சாயந்திரம் பாவசங்கீர்த்தனக் கூண்டு இருந்தது. முழங்கால் போட்டு, வலைத்தட்டி வழியே முகம் தெரியாத ஒரு காதுக்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, மூன்று ஜெபம் சொல்லி எழுந்து வந்தால் உடம்பே லேசாகிவிடும். கல்யாணத்துக்காகச் சபை மாறியபோது மாதா சுரூபத்தை விட்டுவருவதுதான் கஷ்டமாயிருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். மாதா எங்கே இருந்தாலும் மாதாதான். அந்தத் தட்டிதான் இல்லாமல் போயிற்று. இங்கே எல்லோரும் நேராக ஆண்டவரிடமே சொல்லிவிடுகிறார்கள். ஆண்டவருக்கு முகம் தெரிகிறதே.

அடுத்த வாரம் ஆசிரியர்களுக்கும் உடன்படிக்கிறவர்களுக்கும் முன்னால் சற்குணம் செய்துகாட்ட வேண்டிய பிரசங்கத்துக்கு வந்த வசனமும் இதுவாகத்தான் இருக்க வேண்டுமா? யோவான் எழுதின முதலாம் நிருபம். அன்பிலே பயமில்லை, பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும். பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்க, அவன் துணி காயப்போடும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சபைக்கு முன்னால் நிற்பதுபோல் நின்று பேசினான். “தாயைப் பாருங்கள், பிரியமானவர்களே! தாய்க்குப் பயமுண்டோ?” என்று கையை அவள் பக்கம் நீட்டினான். நீட்டிய விரலில் அவள் ஒடுங்கிப் போனாள். அந்த வசனம் அதோடு நிற்கவில்லை. பயமானது வேதனையுள்ளது, பயப்படுகிறவன் அன்பில் பூரணப்பட்டவன் அல்ல. அல்ல. கதவை அறைந்து சாத்துவதுபோல் அந்த ‘அல்ல’. பயப்படுகிறாள், ஆகவே அன்பு இல்லை. அன்பு இல்லை, ஆகவே அந்தப் படங்கள். படங்கள் வருகின்றன, ஆகவே பயம். சுற்றிச் சுற்றிச் செக்கு வந்தது. வேதனை என்ற இடத்தில் கிரேக்கத்தில் கொலாசிஸ், அட்டை கண்ணாடி ஓரத்தில் இருந்தது, சிவப்பில் ‘தண்டனை’ என்று. பயத்துக்குள்ளேயே தண்டனை இருக்கிறதாம். தலை வாரும்போதெல்லாம் அதைப் படித்துப் படித்து, இப்போது தலை வாருவதே இல்லை.

பயம் உள்ளே இருந்தால் அதைப் புறம்பே தள்ள வேண்டும். பயம் என்பது நான்தான் என்றால்? அந்த நினைப்பு மெதுவாக, மிகவும் நியாயமாக, பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. நான் வெளியே போய்விட்டால் உள்ளே பாப்பாவுக்கு ஆபத்தில்லை. படியில்கூட வேண்டாம், கேட்டுக்கு அப்பால், சேப்பல் பக்கம் போய் விடியும்வரை இருக்கலாம்; அழுதால் லீலாக்கா வருவாள், கதவுதான் தாழில்லாமல் கிடக்கிறதே. எவ்வளவு எளிது! செருப்பைத் தேடிப் போட்டாள். கொசுவலையை ஒருமுறை இழுத்துச் சரிசெய்தாள், கை படாமல், விரல்நுனியால் மட்டும். கதவைத் திறந்ததும் குளிர்ந்த காற்றில் வேப்பம்பூ வாசனை. வராந்தா, மூன்று படி, செம்மண். கர்ர்ர் என்று தலைக்கு மேல் எங்கேயோ கேட்டது, அதைப் பற்றி இப்போது அக்கறையில்லை, அது வெளியே உள்ளது, அவளும் வெளியே உள்ளவள். கடைசிப் படியில் கால் வைத்தபோது உள்ளே பாப்பா அழ ஆரம்பித்தாள். பசிக்கிற அழுகை. மார்பு இரண்டும் கேட்டமாத்திரத்தில் சுரந்து ரவிக்கை நனைந்தது. ஓட்டம், முதுகு காட்டி ஓடுவது, அதுதான் அந்தப் பழைய சொல். உடம்பு ஒரு பக்கம் நனைந்துகொண்டிருக்க, கால்கள் கேட்டைப் பார்த்து நின்றன.

“யாரு, தெக்லாவா? என்னட்டி இது, செருப்ப மாட்டிக்கிட்டு எங்க பொறப்பட்டா?” இரண்டு வராந்தாக்களுக்கும் நடுவிலுள்ள துளைத்துளையான சிமெண்டு ஜாலிக்கு அந்தப் பக்கமிருந்து லீலாக்காவின் குரல். நாகர்கோவில்காரி, சற்குணத்தோடு படிக்கிற ஒருவரின் மனைவி, மூன்று பிள்ளைக்காரி. கடைசிப் பையனுக்கு இருமல் என்று வராந்தாவில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். “என்னமோ சத்தம் கேட்டுது அக்கா.” “அது கூகைக் குஞ்சு மக்ளே. சேப்பல் மணிக்கூண்டுல பொரிச்சு வச்சிருக்கு. தாய் எலி கொண்டாற வர இப்பிடித்தான் கெடந்து இரையும். போன வருசம் ஒரு ஐயா பேயின்னு நெனச்சு கீழ நின்னு சங்கீதம் வாசிச்சாரு பாத்துக்க. பாதி சங்கீதத்துல தலையில எச்சம் போட்டுது.” தானே சிரித்துக்கொண்டாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, “பிள்ள அழுவுது, கேக்கலியா?” “கேக்குது.” “பின்ன?” தெக்லா படியேறி வந்து ஜாலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள், உட்கார்ந்தாள் என்பதைவிட முழங்கால் போட்டாள். துளைகளுக்கு அந்தப் பக்கம் முகம் தெரியவில்லை, தைல வாசனை மட்டும். “நான் உள்ள போகக் கூடாது அக்கா. நான் அவள ஏதாவது செஞ்சிருவேன்னு பயமா இருக்கு. எனக்குப் படம் படமா வருது. கத்தியப் பாத்தா, கெணத்தப் பாத்தா. நான் நினைக்கல அக்கா, அதுவா வருது, ஆனா என் தலைக்குள்ளதான வருது.” சொல்லிவிட்டாள். சொன்னதும் வானம் இடிந்து விழும் என்று காத்திருந்தாள். பையன் இருமினான். லீலாக்கா அவன் முதுகைத் தடவுகிற சத்தம் கேட்டது.

“செஞ்சிரணும்னு தோணுதா மக்ளே? இல்ல, செஞ்சிருவமோன்னு பயமா?” குரல் மாறியிருந்தது, விளையாட்டில்லை. “ஐயோ அக்கா, பயம்! செத்திரலாம்போல பயம்.” “சாவணும்னு தோணுதா?” தெக்லா யோசித்துப் பார்த்தாள், யாரும் இதுவரை கேட்கவில்லை. “இல்ல. ஓடிப்போயிரணும்னு தோணுது.” “ம்.” நீளமான ஒரு ம். “அதுக்குத்தான் அந்த அரிவாமணைய எங்கிட்ட தள்ளிவிட்டியா? மழுங்கிட்டுன்னு சொன்னியே, பாவி! மழுங்கினதுதானன்னு நெனச்சு தேங்கா கீறப்போயி பெருவெரலக் கீறிட்டு நிக்கேன்.” தெக்லாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து மூக்கில் அடைத்தது. “எனக்கு ரெண்டாவதுக்குப் பொறவு கெணறு” என்றாள் லீலாக்கா, சாதாரணமாக, ஊர்ப் பேச்சு பேசுவதுபோல. “வாளிய எறக்கினா வாளி தெரியாது, பிள்ளதான் தெரியும். தண்ணி கோரப் போவவே மாட்டேன். இவருதான் கோருனாரு. ஆம்பள தண்ணி கோருதான்னு இந்த லைனே சிரிச்சுது. இவருட்ட சொன்னேன், தலையில கைய வச்சு ஜெபிச்சாரு, நல்லாத்தான் ஜெபிச்சாரு. பொறவு ஆசுபத்திரி டாக்டரம்மாட்ட சொன்னேன். அவங்க, இது நெறைய தாய்மாருக்கு வரும், வெளிய சொல்லுதவதான் கொறவுன்னு சொன்னாங்க. கொஞ்ச நாளு மருந்து, வாரா வாரம் போயி பேச்சு. திங்கக்கெழம ஒன்னக் கூட்டிட்டுப் போறேன், ஒனக்க கிரேக்க வாத்தியாரயும் இழுத்துட்டுப் போவோம், காதக் குடுத்துக் கேக்கட்டும். இப்ப சொல்லு, நான் அங்க வரட்டா? இல்ல, பிள்ளய எடுத்து எங்கிட்ட தாறியா, விடியுத வர நான் வச்சிருக்கேன்.”

ஆமாம் என்று சொல்லத்தான் வாய் திறந்தது. பாப்பாவின் அழுகை இப்போது உடைந்து உடைந்து, விக்கி விக்கி வந்தது. “நான் எடுக்கிறேன் அக்கா” என்று சொன்னது யார் என்று தெக்லாவுக்கே தெரியவில்லை. “சரி. எடுத்துட்டு சத்தம் குடு. நான் எங்கயும் போவல, இங்கினதான் இருக்கேன்.” உள்ளே வந்து கொசுவலையைத் தூக்கினாள். கைகளைப் பார்த்தாள். நகம் வெட்டாத, பூண்டு நாற்றம் மாறாத, மிகவும் சாதாரணமான கைகள். படம் வந்தது, தலையணை இருந்த பக்கத்திலிருந்து, வழக்கம்போல. வந்ததும் ஓடவேண்டும்போல கால் பரபரத்தது. அவள் ஓடவில்லை. படம் அங்கேயே நிற்க, அதன் குறுக்கே கையை நீட்டிப் பாப்பாவைக் கழுத்துக்கும் பிட்டத்துக்கும் அண்டக் கொடுத்துத் தூக்கினாள். கொதிக்கிற சின்ன உடம்பு. வாய் தேடித் தேடித் தவறி, பிறகு பற்றியது. வலித்தது, வலி நன்றாக இருந்தது. “குடிக்கிறா அக்கா” என்று வாசல் பக்கம் பார்த்துச் சொன்னாள். “குடிக்கட்டு. கதவத் தொறந்தே போட்டுக்க மக்ளே, நான் கண்ணசந்தாலும் காது அசராது.”

பிள்ளை குடிக்கக் குடிக்க அவளுக்குள் என்னவோ தளர்ந்தது. கழுத்து இன்னும் நிற்காத பிள்ளை. நிற்கவில்லையே என்று யாரும் அதைக் குற்றம் சொல்வதில்லை, நிற்கும் என்று கையை அண்டக் கொடுத்துக் காத்திருக்கிறார்கள். பூரணப்பட்டவன் அல்ல என்ற இடத்து அட்டையில் அவன் எழுதியிருந்தது, முற்றுப்பெற்ற, வளர்ந்து முடிந்த. அப்படியென்றால் அந்த ‘அல்ல’ இன்னும் முடியவில்லை என்பதுதானே, இல்லவே இல்லை என்பதா? தெரியவில்லை. யோவானைக் கேட்டால்தான் உண்டு. புறம்பே தள்ளும் என்பதை அவள் இத்தனை நாளும் இடி மின்னலாகவே நினைத்திருந்தாள், ஒரே அடியில், பிசாசு ஓட்டுவதுபோல. ஆனால் அந்தச் சொல்லை முதன்முதலில் காட்டும்போது சற்குணம் சிரித்துக்கொண்டே சொன்னானே, “இது உங்கப்பா சொல்லு பிள்ள, வலை போடுறதுக்கும் இதே சொல்தான். வலை நிறைய மீன் பிடிச்சு, கரையில உட்கார்ந்து, ஆகாததை வெளியே எறிஞ்சாங்கன்னு சுவிசேஷத்துல வருதே, அங்கயும் ‘வெளியே’, ‘எறி’ன்னு இதே ரெண்டு சொல்.” அப்பா கரையில் உட்கார்ந்திருக்கிறார், மணப்பாட்டில், கட்டுமரத்து நிழலில், ஈர மணலில் ஒரு முழங்கால் ஊன்றி. வலையில் சாளையோடு பேத்தை மீனும் ஏறியிருக்கிறது, வயிற்றை ஊதிக்கொண்டு, விஷம். அப்பா அதை வைவதில்லை, வலையையும் வைவதில்லை. கடலில் கிடப்பதெல்லாம் வலையில் ஏறத்தான் செய்யும். வால் பக்கமாகப் பிடிக்கிறார், பார்க்கிறார், வெளியே போடுகிறார். அடுத்தது. வெளியே. ஒவ்வொன்றாக, பேச்சுக்கொடுத்துக்கொண்டே, பீடி வாயில் தொங்க. நாளைக்கும் ஏறும், நாளைக்கும் உட்கார்ந்து பொறுக்கிப் போடுவார். அதற்காக அவர் ஒருநாளும் கடலுக்குப் போகாமல் இருந்ததில்லை. அன்பு என்பது அப்படி உட்கார்ந்திருப்பதுதானோ என்னவோ. எறிகிற கையைவிட, எழுந்து ஓடாத அந்த முழங்கால்.

பாப்பா குடித்து முடித்துவிட்டு வாயை விட்டாள். தோளில் சாய்த்துத் தட்டியதும் பெரிய மனுஷிபோல ஓர் ஏப்பம். “அக்கா” என்று தெக்லா கூப்பிட்டாள், “கதவை அடைச்சிக்கப் போறேன்.” “தாழும் போடப்போறியா?” “ஆமாக்கா.” “போடு. நாயெல்லாம் சுத்துது” என்றாள் லீலாக்கா, கொட்டாவியோடு, அவ்வளவுதான் விஷயம் என்பதுபோல. “திங்கக்கெழம, மறந்துராத.” “மறக்க மாட்டேன்.” தாழ் பல நாளாகப் போடாமல் துருப்பிடித்து இறுகியிருந்தது. ஒரு கையால் ஏறவில்லை. பாப்பாவைத் தோளில் இன்னும் மேலே ஏற்றி, கன்னத்தால் அவள் தலையை அண்டக் கொடுத்து, இடுப்பால் கதவை முட்டி நெருக்கி, மறு கையால் அழுத்தினாள். நகரவில்லை. படம் ஒன்று வந்து பக்கத்தில் நின்றது. நிற்கட்டும். இன்னொரு முறை அழுத்தினாள். கிறீச்சென்று நகர்ந்து, தாழ் துளைக்குள் போய் விழுந்தது.